பின்கட்டுச் சுவத்துக் கரிக்கோடும் காரைக்குடிக்கு ஒரு மியூசியமும்

வளவுக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் போறவன், இன்னைக்குத்தான் சொந்தமா இழை ஆரம்பிக்கிறேன், நீளமாப் போச்சுன்னா பொறுத்துக்கங்க.

எங்க வீடு காரைக்குடியில இருந்து பஸ்ல அரைமணி நேரம். ஊர் பேர் வேணாம், பங்காளிங்க இங்கயும் இருக்காக. மூணு கட்டு வீடு, இன்னைக்குக் கணக்குல 23 பங்கு. முகப்புல பர்மா தேக்குத் தூணு, நடு முற்றமான வளவைச் சுத்தி கல்தூணு, மேல பெல்ஜியம் கண்ணாடி, நீங்க போட்டோவுல பாத்துப் பாத்து சலிச்ச ஐட்டம்தான் எல்லாம். வருஷத்துக்கு ஒருக்கா முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்குக் கூடுவோம், ஒழுகுற எடத்துல வாளி வப்போம், ரெண்டு நாள் நல்லா சாப்பிடுவோம், பூட்டிட்டுக் கிளம்பிருவோம். இந்தத் தடவை கூடினப்ப முடிவாகிருச்சு, வீட்டை ஷூட்டிங் வாடகைக்கு விடுறதுன்னு. அதுக்கு முன்னாடி ரெண்டாங்கட்டு, மூணாங்கட்டுல கெடக்குற மரவை (மரப் பாத்திரம்), மங்குச் சாமான், பெட்டகம், தகரப் பொட்டி, பேரேடு எல்லாத்தையும் ஒதுக்கி காரைக்குடி பழைய சாமான் கடைக இருக்குற முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு அனுப்பிர்றது. சரி, அதுகூடப் போகட்டும். லொக்கேஷன் பாக்க வந்த தம்பி வீட்டை ஃபுல்லா சுத்திட்டுப் பின்கட்டுல ஒரு சுவத்தைக் காட்டி, "இதை மட்டும் வெள்ளையடிச்சிருங்கண்ணே, கேமராவுல அழுக்காத் தெரியும்"னான்.

அந்தச் சுவருதான் விஷயம். உரல் பதிச்ச தாழ்வாரம் அது. இடுப்புயரத்துல ஆரம்பிச்சுத் தலைக்கு மேல வரைக்கும் கோடு கோடா, ஆணியால சுண்ணாம்புல கீறி அதுக்குள்ள கரியைத் தேச்சிருக்கு. நாலு கோடு நிக்குது, அஞ்சாவது குறுக்க போகுது. அங்கங்க கட்டுக்குப் பக்கத்துல ஒரு வட்டம். சின்ன வயசுல அப்பத்தாகிட்ட கேட்டேன், பால் கணக்குன்னாக. நாங்களும் நம்பிட்டோம். இப்ப யோசிச்சா, பால்காரன் ஏன் பின்கட்டு வரைக்கும் வந்து உரல் பக்கத்துல கோடு போடப்போறான்?

2024-ல காரைக்குடி மாநகராட்சி ஆயாச்சு. ரோடு வரும், லைட்டு வரும்னு பேசுறோம், ஊருக்குன்னு ஒரு மியூசியம் பத்தி யாராவது பேசுனோமா? எங்க சாமான அதுக்குக் குடுத்திருக்கலாம்ல? இல்ல இதெல்லாம் வெட்டிப் பேச்சா? அந்தச் சுவத்தை என்ன பண்றது? தெரிஞ்சவுக சொல்லுங்க.

பெரியவீட்டுப்பங்காளி:
தம்பி, ஓட்டை மாத்தவே காசில்லாம நாங்க அவதிப்படுறோம், நீங்க சுவத்துக் கோட்டுக்கு மியூசியம் கேக்குறீக. ஒரு வீட்டுக்கு ஓடு பிரிச்சு மாத்திப் போட என்ன ஆகுதுன்னு விசாரிச்சுட்டு அப்புறம் பேசுங்க. கூட்டுச் சொத்து, ஒருத்தர் சிகாகோ, ஒருத்தர் கோலாலம்பூர், ஒருத்தர் போனையே எடுக்க மாட்டேங்குறாக. ஷூட்டிங்காரன் குடுக்குற காசுலதான் எங்க வீட்டு மூணாங்கட்டு இன்னும் நிக்குது. வெள்ளையடிச்சுட்டுப் போங்க.

சிங்கைமாப்ள:
பங்காளி சொல்றதும் சரிதான், ஆனா ஒண்ணு சொல்றேன் கேளுங்க. நான் சிங்கப்பூர் வந்து பதினோரு வருஷம். இங்க லிட்டில் இந்தியாவுல 2015-ல இந்தியன் ஹெரிட்டேஜ் சென்டர்னு தொறந்தாங்க. ஊருல இருந்து வந்த நண்பர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன், உள்ள நுழைஞ்சா நம்மூரு நிலைக்கதவு நிக்குது! செட்டிநாட்டு நிலை, ஆள் ஒசரத்துக்கு மேல, இஞ்ச் விடாம செதுக்கிருக்கு. இங்க உள்ள சீனப் புள்ளைக, மலாய்ப் புள்ளைக ஸ்கூல்ல இருந்து வரிசையா வந்து அது முன்னாடி உக்காந்து படம் வரையுதுக. நண்பர் என்னைப் பாத்து "இதே மாதிரி எங்க பெரியப்பா வீட்டுல இருந்துச்சு, வித்துட்டோம்"னாரு, அதுக்கப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்ல.

அங்க நிலைக்கதவு மட்டும் வைக்கல. கூலிக்கு வந்தவுக, போலீஸா வந்தவுக, மார்க்கெட் ஸ்ட்ரீட் கிட்டங்கியில (செட்டியார் வட்டிக்கடை) பெட்டியடிப் பையனா, அதான் எடுபிடியா வந்தவுக எல்லாத்தையும் ஒரே கூரைக்குக் கீழ வச்சிருக்காங்க. இங்க உள்ள டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில் 1859-ல கட்டுனது, தைப்பூசத்துக்குக் காவடி எடுத்துட்டு வர்றதுல சீனர்களும் உண்டு. அந்த ஊருல இதெல்லாம் ஊரோட கதைன்னு ஏத்துக்கிட்டாங்க. நம்ம ஊருல நம்ம கதை முகப்போட நின்னுபோகுது. எந்த டூரிஸ்ட் கைடாவது மூணாங்கட்டுக்குக் கூட்டிட்டுப் போயிப் பாத்திருக்கீங்களா?

பின்கட்டு:
வளவுக்காரன் அண்ணே, அது பால் கணக்கு இல்ல. நெல்லுக்குத்துன கணக்கு.

நான் காரைக்குடியில டீச்சரா இருக்கேன். எங்க அம்மாச்சி அந்த மாதிரி பெரிய வீடுகள்ல நெல்லு குத்துனவுக. எங்கம்மாவுக்கு இப்ப 74, சின்னப் புள்ளையா அவுக கூடவே போயி தவிடு புடைச்சுருக்காக. நீங்க எழுதுனதை அம்மாவுக்கு வாசிச்சுக் காமிச்சேன், நாலு கோடு நிக்கும் அஞ்சாவது படுக்கும்னு நான் முடிக்கக்கூட இல்ல, "வட்டம் இருக்கா பாருடி"ன்னாக. ஒரு கோடு ஒரு மரக்கால் நெல்லு. கூலி வாங்குனதும் அந்தக் கட்டுக்கு வட்டம். எழுதப் படிக்கத் தெரியாதவுக கணக்கு, ஆனா பிசகாதாம். வீட்டு ஆச்சி உள்ள ஒரு நோட்டுல எழுதுவாகளாம், மாசக் கடைசியில சுவரும் நோட்டும் ஒத்துப்போகணும். ஒத்துப்போகலன்னா சுவருதான் செல்லும்னு எங்கம்மாச்சி சண்டை போடுவாகளாம்.

எந்த வாசல் வழியா உள்ள போவாகன்னும் அம்மா சொன்னாக. அதை இங்க எழுதல, எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளையடிச்சிராதீங்க.

வளவுக்காரன்:
அக்கா, இதைப் படிச்சுட்டு ஆபீஸ்ல அப்படியே உக்காந்துட்டேன். அந்த நோட்டு எங்கயாவது இருக்கான்னு இந்த வாரம் போயித் தேடுறேன். பேரேடு மட்டும் நாப்பது அம்பது கெடக்கு, ரங்கூன் வரவு செலவு, இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதுன கட்டு, ஓலை எல்லாம் உண்டு. அரிசிக் கணக்கு இருக்கான்னு தெரியல, நாங்க யாரும் அதைப் பிரிச்சே பாத்ததில்ல.

பெரியவீட்டுப்பங்காளி:
டீச்சரம்மா தப்பா எடுத்துக்காதீங்க. வீட்டுக்குள்ள இருந்த பழக்கவழக்கத்தை எல்லாம் நடுத்தெருவுல போட்டு விவாதம் பண்ணி யாருக்கு என்ன பிரயோசனம்? அன்னைக்கு எல்லாரும் அப்படித்தான் இருந்தாக. எங்க வீட்டுல வேலை பாத்தவுகளுக்குக் கல்யாணம் காட்சின்னா நாங்கதான் செஞ்சோம். மியூசியம்னா நல்லதைக் காட்டுங்க.

பின்கட்டு:
செஞ்சதை யாரு இல்லேன்னா? அதையும் எழுதுங்க. நான் கேக்குறது, அந்த வீட்டுக் கதையைச் சொல்ற எடத்துல எங்கம்மாச்சிக்கு ஒரு வரி இருக்குமா இல்லையாங்குறதுதான். நல்லதை மட்டும் காட்டுனா அதுக்குப் பேரு கல்யாண ஆல்பம்.

கப்பல்காரன்:
தேவகோட்டைக்காரன், பாதி ஆயுசு கப்பல்ல போச்சு. இந்தச் சண்டையைப் பாத்ததும் எனக்கு தென்னாப்பிரிக்கா கேப்டவுன் ஞாபகம் வந்துச்சு, அதைச் சொல்லிர்றேன்.

அங்க டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்னு ஒரு பேட்டை. கலப்பு சனம், மலாய்க்காரங்க, இந்தியர், கறுப்பர், யூதர்னு எல்லாரும் ஒட்டி ஒட்டி இருந்த எடம். 1966-ல அரசாங்கம் இது இனி வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு அறிவிச்சு அறுபதாயிரம் பேருக்கு மேல வெளிய அனுப்பி வீடெல்லாம் புல்டோசர் வச்சு இடிச்சுட்டான். 1994-ல அங்க ஒரு பழைய சர்ச்சுக்குள்ள மியூசியம் ஆரம்பிச்சாங்க. நான் போனப்ப பாத்தது, தரை முழுக்க அந்தப் பேட்டையோட வரைபடம். அங்க குடியிருந்தவங்க வந்து குனிஞ்சு தன் தெருவைக் கண்டுபிடிச்சு, தன் வீடு இருந்த எடத்துல பேரை எழுதிட்டுப் போறாங்க. ஒரு பெரிய துணி தொங்குது, அதுலயும் பேரு, அப்புறம் அதை நூலால தைச்சிருக்காங்க. மேல இருந்து தெருப்பேர் பலகைக வரிசையாத் தொங்குது. அந்தப் பலகையெல்லாம் இடிச்ச வேலைக்கு மேஸ்திரியா இருந்த ஆளுகிட்ட இருந்துதான் வந்துச்சாம், கடல்ல கொட்டச் சொன்னதைக் கொட்டாம வீட்டுல வச்சிருந்திருக்கான். இடிச்சவன் கையிலதான் மிச்சம் இருந்துச்சு பாருங்க.

அங்க என்னைக் கூட்டிட்டுப் போயி விளக்குனவரே அங்க குடியிருந்து தொரத்தப்பட்டவரு. யாரையும் திட்டல. "இங்க எங்கம்மா மீன் வாங்குவாங்க, இங்க தையக்கடை"ன்னு தரையில நடந்துகிட்டே சொன்னாரு. கூட வந்த வெள்ளைக்காரக் கிழவி அழுதுச்சு. நல்லதா கெட்டதான்னு பிரிச்சா இப்படி ஒரு மியூசியம் நடக்குமா?

நம்ம பக்கம் கண்டதேவித் தேரு எடுத்துக்கங்க. வடம் யாரு பிடிக்கிறதுங்கறது கோர்ட்டு வரைக்கும் போயி, எத்தனையோ வருஷம் ஓடாம நின்னு 2024-லதான் திரும்ப ஓடுச்சு. எங்க ஊருல இதைப் பத்திப் பேசணும்னா டீக்கடையில குரலைத் தாழ்த்திப் பேசுவாங்க. ஒரு ஊர் மியூசியத்துல தேரோட படம் மட்டும் வைப்பமா, வடத்தையும் வைப்பமா?

மட்டுறுத்துநர்:
பேச்சு நல்லாப் போகுது, இப்படியே போகட்டும். சாதிப் பேரைச் சொல்லி ஆளைத் தாக்குற ரெண்டு பதிவை எடுத்துட்டேன், யாருதுன்னு அவுகளுக்கே தெரியும். கவுனி அரிசி எங்க கிடைக்கும்னு கேட்டவரு சமையல் பகுதிக்குப் போங்க, இது நாலாவது தடவை.

பூக்கல்:
ஆத்தங்குடி. எங்க அய்யா காலத்துல இருந்து தரைக்குப் பதிக்கிற பூக்கல்லு போடுறோம். இங்க வர்ற டூரிஸ்ட்டு எல்லாம் எங்க பட்டறைக்கு வந்து வீடியோ எடுத்துட்டுப் போறாக, அதுல தப்பில்ல, ஆனா எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி "ஒரு சதுரடி என்ன விலை".

கண்ணாடி மேல இரும்பு அச்சு வச்சு, ஒவ்வொரு அறைக்கும் ஒவ்வொரு கலரு சிமெண்ட் கரைசலைக் கரண்டியால ஊத்துவோம், கை நடுங்குச்சுன்னா சிவப்பு பச்சைக்குள்ள எறங்கிரும். அச்சை நேரா மேல தூக்கணும், அந்த ஒரு நொடியிலதான் எல்லாம். அப்புறம் காஞ்ச கலவை தூவி, மேல சாந்து போட்டு அழுத்தி, மறுநாள் தண்ணித் தொட்டியில முக்கிப் போட்டுருவோம். சூளை கெடையாது, சூடு கெடையாது. கண்ணாடியை விட்டு உரிச்சு எடுத்தா பளபளன்னு வரும், பாலிஷே வேணாம். எங்க அய்யாவுக்கு அச்சைப் பிடிச்சுப் பிடிச்சுப் பெருவிரல் வளைஞ்சு போச்சு. அந்த விரலுக்கு மியூசியத்துல எடமிருந்தா சொல்லுங்க, கல்லு நான் ஃப்ரீயாத் தர்றேன்.

பழைய அச்சு எங்க வீட்டுப் பரண்ல மூட்டையாக் கெடக்கு. எந்த அச்சு எந்த வீட்டுக்குப் போட்டதுன்னு சொல்லத் தெரிஞ்ச ஆளு இன்னைக்குத் தேதிக்கு ஒரே ஒருத்தர்தான் இருக்காரு, அவருக்கும் காது கேக்காது.

புதுகைப்பதிவேடு:
நான் அரசு மியூசியத்துல முப்பது வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆனவன். பேரு எதுக்கு. பூக்கல் தம்பி கடைசி வரியில சொல்லிட்டாரு எல்லாத்தையும்.

மியூசியம்னா கட்டடம்னு நினைக்கிறீங்க. அது இல்ல, பதிவேடு. புதுக்கோட்டை மியூசியம் 1910-ல, சமஸ்தான காலத்துல ஆரம்பிச்சது. ஒரு பொருள் உள்ள வந்தா முதல்ல நம்பரு, எங்கருந்து வந்துச்சு, யாரு குடுத்தா, யாரு புழங்குனா, என்ன பேரு சொல்லிப் புழங்குனா. கடைசி ரெண்டு கட்டம்தான் எப்பவும் காலியா இருக்கும். நான் வேலை பாத்த எடத்துல ஒரு அலமாரி முழுக்க "பித்தளைப் பாத்திரம், தனியார் நன்கொடை"ன்னு மட்டும் எழுதி நூறு உருப்படி. எதுல யாரு என்ன காய்ச்சுனாக? தெரியாது. செத்துப்போச்சு. பாத்திரம் இருக்கு, ஆனா செத்துப்போச்சு.

முனீஸ்வரன் கோயில் தெருவுல நடக்குறதும் அதுதான். கடைக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன், அவுகளாலதான் பாதி சாமான் உருக்காம தப்பிச்சுச்சு. ஆனா கடை வாசல்ல எறங்குன அடுத்த நிமிஷம் ஒரு வீட்டு மரவையும் இன்னொரு வீட்டு மரவையும் ஒண்ணாக் கலந்துரும். அதுக்கப்புறம் அது "ஆன்டிக்". ஊரு பேரு கெடையாது, ஆளு பேரு கெடையாது.

அதனால வளவுக்காரன் தம்பி, விக்கிறதா இருந்தாலும் வித்துக்கங்க, அதுக்கு முன்னாடி இதைப் பண்ணுங்க. ஒவ்வொண்ணையும் வெளிச்சத்துல வச்சுப் பக்கத்துல ஒரு ஸ்கேலை வச்சு போட்டோ. வீட்டுல வயசானவுக, வேலை பாத்தவுக யாரையாவது உக்கார வச்சு, பொருளை அவுக கையில குடுத்துப் பேசச் சொல்லி ஃபோன்ல ரெக்கார்ட். கையில குடுக்கணும், முக்கியம். சும்மா கேட்டா "அதெல்லாம் மறந்துபோச்சு"ம்பாக, கையில வந்துட்டா விரலுக்கு ஞாபகம் வந்துரும். ரெக்கார்டிங் ஆரம்பத்துல தேதி, ஊரு, பேசுறவுக பேரு, வெளியிட அவுகளுக்குச் சம்மதமான்னு அவுக வாயாலயே கேட்டு வாங்கிருங்க. நடுவுல குறுக்க பேசாதீங்க, இது எங்க ஆளுகளுக்கே வராது.

வெள்ளியை, பித்தளையைப் புளி போட்டு, பவுடர் போட்டுத் தேய்க்காதீங்க, ஒவ்வொரு தேய்ப்புலயும் செதுக்கு வேலை கரையுது. பழைய கண்டாங்கிச் சேலை இருந்தா வெயில்ல மாட்டாதீங்க, மியூசியத்துல துணிக்கு 50 லக்ஸுக்கு மேல வெளிச்சம் விட மாட்டோம், அவ்வளவு மங்கல். மடிப்பு மேலயே திரும்பத் திரும்ப மடிச்சா அந்த எடத்துலதான் கிழியும், உருட்டி வைங்க. ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய்.

சுவத்துக்கு வர்றேன். ஈரத்துணி படக்கூடாது, கரி வந்துரும். சாயங்காலம் பக்கவாட்டுல டார்ச் அடிச்சு போட்டோ எடுங்க, கீறல் நிழல் விழுந்து தெளிவாத் தெரியும், கரி போன எடத்துல கூட கோடு தெரியும். அப்புறம் கண்ணாடிப் பேப்பரைத் தொங்கவிட்டு, அழுத்தாம, அப்படியே வரைஞ்சு எடுத்துக்கங்க.

செட்டுதம்பி:
நான் சினிமாவுல ஆர்ட் டிபார்ட்மெண்ட். அந்த ஏரியா வீடு பாதியில வேலை பாத்திருக்கேன். வெள்ளையெல்லாம் அடிக்க வேணாம் ஜி. சுவத்துல இருந்து ஒரு அடி தள்ளி ரீப்பர் ஃபிரேம் அடிச்சு பிளைவுட் பொய்ச்சுவரு நிறுத்திரலாம், அரைநாள் வேலை. அக்ரிமெண்ட்ல "பின்கட்டு உரல் தாழ்வாரச் சுவத்துல ஆணி, பெயிண்ட், டேப் எதுவும் படக்கூடாது"ன்னு ஒரு வரி போட்டு கையெழுத்து வாங்கிக்கங்க. வாங்கலன்னா நாங்களே போஸ்டர் ஒட்டிருவோம், உண்மையச் சொல்றேன்.

பர்மாகாலனிபேரன்:
எல்லாரும் ரங்கூன் பேரேடு, பர்மா தேக்குன்னு பேசுறீங்களே, நாங்களும் பர்மாவுல இருந்து வந்தவங்கதான். காரைக்குடி பர்மா காலனி. எங்க தாத்தா அங்க கடையில எடுபிடி. 1964-ல ராணுவ ஆட்சி நடத்துன நே வின் கடையெல்லாம் அரசாங்கத்துக்குன்னு எடுத்ததும் கப்பல்ல அனுப்பிவிட்டாங்க. பாட்டி காதுல மூக்குல கெடந்ததைக்கூடக் கழட்டி வாங்கிட்டாங்களாம். அவங்க கொண்டு வந்த பொருள்ல இன்னைக்கு மிச்சம் ஒரு அலுமினியத் தூக்குச்சட்டி.

செட்டியார் வீட்டுக்கு பர்மான்னா தேக்கு. எங்களுக்கு பர்மான்னா தூக்குச்சட்டியும் அத்தோவும் (பர்மா நூடுல்ஸ்). ஒரே ஊரு, ஒரே கடலு, ரெண்டு கதை. ஒரு மியூசியத்துல தேக்குத் தூணுக்குப் பக்கத்துல எங்க தூக்குச்சட்டியை வைப்பீங்கன்னா நான் குடுக்குறேன். தனியா "அகதிகள்"னு ஒரு மூலையில வைக்கிறதா இருந்தா வேணாம்.

சிங்கைமாப்ள:
பர்மாகாலனி அண்ணே, இது ரொம்ப நல்ல பாயிண்டு. அமிர்தசரஸ்ல 2017-ல பிரிவினை மியூசியம் தொறந்தாங்க, டவுன் ஹால் கட்டடத்துல. சண்டிகர்ல வேலை பாத்த என் மச்சான் போயிட்டு வந்து சொன்னான், அங்க இருக்குறதுல பாதி இப்படித்தான், அவசரத்துல கையில கெடைச்சதை எடுத்துட்டு ஓடி வந்த சாமான். பாத்திரம், பொட்டி, துணி. விலை போட்டா எதுவும் தேறாது. ஆனா கூட்டம் அது முன்னாடிதான் நிக்குதாம்.

பெரியவீட்டுப்பங்காளி:
1942-ல ஜப்பான்காரன் குண்டு போட்டப்ப எங்க ஐயா ரங்கூன்ல இருந்து காட்டு வழியா நடந்து வந்தாக. கூட அடுத்தாளா (கடையில உதவியாளா) இருந்தவரு வழியில காலராவுல போயிட்டாரு. அவரு எங்க சாதி இல்ல. ஐயா சாகுற வரைக்கும் படைப்பு அன்னைக்கு ஒரு இலை தனியாப் போட்டு வப்பாக, யாருக்குன்னு கேட்டா சொல்ல மாட்டாக. அப்பச்சிதான் பின்னாடி சொன்னாக. நாங்க இப்ப அந்த இலையைப் போடுறதில்ல, எப்ப நிறுத்துனோம்னு தெரியல.

எழுதணும்னு தோணுச்சு. மியூசியத்துக்கு நான் சம்மதிச்சுட்டேன்னு அர்த்தம் இல்ல.

கப்பல்காரன்:
பங்காளி, இதை ஃபோன்ல பேசி ரெக்கார்ட் பண்ணி வைங்க. கெஞ்சிக் கேக்குறேன்.

பூக்கல்:
ஆனா ஒண்ணு, யாரு நடத்துறது? அரசாங்கம்னா பூட்டு போட்டுருவான், தனியாருன்னா டிக்கெட் போட்டு ஃபில்டர் காபி வித்துருவான். கீழடியில 2023-ல மியூசியம் தொறந்தாங்க, செட்டிநாட்டு பாணியிலயே கட்டிருக்காங்க, தூணு முற்றம் எல்லாம், நல்லாத்தான் இருக்கு, புள்ளைகளைக் கூட்டிட்டுப் போனேன். அது மண்ணுக்குக் கீழ இருந்து எடுத்தது. மண்ணுக்கு மேல இன்னும் மூச்சு விட்டுக்கிட்டு இருக்குறதுக்கு ஒண்ணும் காணோம். முட்டுக்காடு தக்ஷிணசித்ராவுல 1996-ல இருந்தே செட்டிநாட்டு வீடு இருக்கு, காரைக்குடியில உள்ள புள்ளை செட்டிநாட்டு வீட்டைச் சுத்திப் பாக்கணும்னா மெட்ராஸ் போகணும், ஏன்னா இங்க கேட்டுல வாட்ச்மேன் விடமாட்டான்.

புதுகைப்பதிவேடு:
நல்லா கேட்டீங்க. இதுக்கு நம்ம பக்கத்துலயே உதாரணம் இருக்கு. கோட்டையூர்ல ரோஜா முத்தையான்னு ஒருத்தர், போர்டு எழுதுற தொழில். புஸ்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பாட்டுப் புஸ்தகம்னு ஆளுக தூக்கிப் போடுறதை எல்லாம் வாங்கிச் சேத்தாரு. வீடு முழுக்கக் காகிதம். பூச்சி விழாம இருக்க என்னென்னமோ மருந்து வப்பாரு. 1992-ல அவரு போனப்புறம் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, வெளிநாட்டுக்குத் தூக்கிட்டுப் போகாம மெட்ராஸ்லயே வச்சு, 1994-ல இருந்து ஆராய்ச்சி நூலகமா நடக்குது. பழைய தமிழ் அச்சு வேணும்னா உலகமே இப்ப அங்கதான் வருது. ஆரம்பிச்சது கவர்மெண்டும் இல்ல, கம்பெனியும் இல்ல, கோட்டையூர்ல ஒரு வீடு.

அதனால யாரு நடத்துறதுன்னு முடிவு பண்ணிட்டு ஆரம்பிக்கலாம்னா நாம எல்லாரும் படமாத் தொங்கிருவோம். ஒரு நோட்டு வாங்குங்க. கோடு போட்டு அஞ்சு கட்டம். நான் வந்து எழுதக் கத்துத் தர்றேன், பஸ் சார்ஜ் கூட வேணாம், மத்தியானம் சோறு போட்டா போதும்.

வளவுக்காரன்:
ஐயா, வாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை. பங்காளிகள்ல பதினாலு பேரு சரின்னுட்டாக, மத்தவுக பதில் போடல, அதை நாங்க சம்மதமாவே எடுத்துக்குவோம், எங்க வழக்கம் அது. டீச்சர் அக்கா, அம்மாவைக் கூட்டிட்டு வர முடியுமா? கார் அனுப்புறேன். முகப்பு வழியா வாங்க.

பின்கட்டு:
அம்மாகிட்ட சொன்னேன். "பின்வாசலே போதும், அதுதான் எனக்கு வழி தெரியும்"னாக. வர்றோம்.

வளவுக்காரன்:
ஞாயித்துக்கிழமை முடிஞ்சு இப்பத்தான் மெட்ராஸ் பஸ்ல உக்காந்திருக்கேன். கேட்டவுகளுக்காக எழுதுறேன், எழுத்துப் பிழை இருக்கும், பஸ் ஆடுது.

மொத்தம் பத்தொன்பது பேரு வந்தாக. பூக்கல் தம்பி அவுக ஊருப் பெரியவரைக் கூட்டிட்டு வந்தாரு, காது கேக்காதவரு. அவரு வளவுல குனிஞ்சு தரைக்கல்லைத் தடவிட்டே போயி ஒரு எடத்துல நின்னு, "இது மட்டும் நாங்க போட்டது இல்ல, ஜப்பான் கல்லு, ஒடைஞ்ச எடத்துல நாங்க ஒட்டுப் போட்டோம்"னு கத்திச் சொன்னாரு. நாங்க நாப்பது வருஷம் மிதிச்ச தரை, எங்களுக்கு ஒட்டுப் போட்டதே தெரியாது. பர்மாகாலனி அண்ணன் தூக்குச்சட்டியை மஞ்சப்பையில கொண்டு வந்தாரு, குடுக்கல, பேசி ரெக்கார்ட் மட்டும் பண்ணிட்டுத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாரு. புதுகை ஐயா அதுவே போதும்னாரு. பெரியவீட்டுப் பங்காளியும் வந்தாக, யாருன்னு சொல்ல மாட்டேன், வந்ததும் வாட்டர் டேங்கைப் பத்திப் புகார், ஆனா கடைசி வரைக்கும் இருந்தாக.

அந்த அம்மா பின்வாசல் வழியாத்தான் வந்தாக. உரலுக்கு முன்னாடி நின்னுகிட்டு உலக்கை எங்கன்னு கேட்டாக. வித்தாச்சு. அப்புறம் சுவத்துக்கிட்ட போயி, தொடல, விரலை ஒரு சாண் தள்ளி வச்சுகிட்டே மேல இருந்து கீழ வாசிச்சாக. நெஜமாவே வாசிச்சாக. இது தீவாளிக்கு முன்னாடி, கட்டு நெறைய இருக்கு பாரு. இது எங்கம்மாவுக்குக் காய்ச்சல், கோடு சின்னதா இருக்கு, நான் போட்டது. இது யாரோ வேற ஆளு, கையி வேற. நான் ஃபோனைப் பிடிச்சுட்டு நின்னேன், கையி வலிச்சும் எறக்கல.

கீழ வலது பக்கம் வந்ததும் நின்னுட்டாக. ஏழு கோடு. அஞ்சு ஒரு கட்டு, ரெண்டு தனியா. வட்டம் இல்ல. "இது வாங்கலையே"ன்னாக. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு அவுகளே சொன்னாக, "அந்த வாரம்தான் ஊருல மில்லு வந்துச்சு. நாளைக்கு வர வேணாம்னு சொல்லிவிட்டாக. அம்மா கேக்கப் போகல."

யாரும் பேசல. எங்க வீட்டுல வட்டிக்கணக்கு எழுதுன பேரேடு நாப்பது இருக்கு, ரங்கூன்ல எவன் எவ்வளவு பாக்கின்னு பைசா சுத்தமா. ஆச்சி எழுதுன அரிசி நோட்டு மட்டும் கெடைக்கவே இல்ல.

மரக்காலுக்கு உழக்கு அரிசி கூலியாம். ஏழு உழக்கு, ஒண்ணேமுக்கால் படி. பெரியவீட்டுப் பங்காளிதான் முதல்ல வாயைத் தொறந்தாக, "அறுபது வருஷத்துக்கு வட்டி போடணும்ல, நம்ம தொழிலே அதானே"ன்னு. அந்த அம்மா சிரிச்சுட்டாக. நான் கடைக்குப் போயி ஒரு மூட்டை எடுத்துட்டு வந்தேன். அவுக மூட்டையை வேணாம்னுட்டு, உழக்கு இருக்கான்னு கேட்டாக. இருந்துச்சு, விக்கிற சாமான்ல கெடந்துச்சு. ஏழு தடவை தலைதட்டி அளந்து முந்தானையில வாங்கிக்கிட்டாக.

அப்புறம் நான் ஒரு கரித்துண்டை எடுத்து அவுககிட்ட நீட்டினேன், வட்டம் போடுங்கன்னு.

புதுகைப்பதிவேடு:
அங்கதான் நான் கத்துனேன். மன்னிச்சுக்கங்க தம்பி, முப்பது வருஷப் பழக்கம். சுவத்துல இனிமே யாரும் ஒண்ணும் எழுதக்கூடாது. வட்டத்தைப் பதிவேட்டுல போட்டாச்சு, உருப்படி எண் 1, கடைசிக் கட்டத்துல, அந்த அம்மா கையாலயே.

பின்கட்டு:
அம்மா அந்த அரிசியில இன்னைக்குப் பொங்கல் வச்சாக. குழைஞ்சு போச்சு, மில்லு அரிசின்னு திட்டுறாக.

செட்டுதம்பி:
பிளைவுட் ரெடி, வியாழக்கிழமை வர்றேன். எட்டுக்கு நாலு ஷீட்டு அஞ்சு போதுமான்னு தாழ்வாரத்தை ஒருக்கா டேப்பு பிடிச்சு அனுப்புங்க ஜி.

பெரியவீட்டுப்பங்காளி:
அந்த நோட்டு அஞ்சு கட்டம் போட்டது எந்தக் கடையில வாங்குனீக? எங்க வீட்டுக்கு ஒண்ணு வேணும்.